மின்வண்டியும் மலைப்பாதையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நாம் பொறியியல் கற்றவரல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு காலம் கழித்து வருபவர். அத்தகைய நாம் மின்சார மோட்டாரைப் பற்றிப் பேச மேடையேறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் ஒன்றே. சென்ற ஆண்டு ஒரு நல்ல மோட்டாரை நாமே எரித்துவிட்டோம். எரித்த பிறகுதான் கற்றோம். நமது குண்டலுபேட்டையில் சாமந்தி பயிரிடும் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் சிலர், தத்தம் பழைய மோட்டார் சைக்கிள்களை மின்வண்டிகளாக மாற்ற எண்ணி நம்மிடம் வழி கேட்கின்றனர். நாம் கொடுத்த விலையை அவர்களும் கொடுக்க வேண்டா என்பதற்காகவே இன்று பேசத் துணிந்தோம்.

மின்சாரம் இந்நாட்டுத் தமிழருக்குப் புதியதன்று. 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 92 மைல் தொலைவு கம்பி வழியே ஓடிக் கோலார் தங்கவயலை அடைந்தது. அவ்வயலின் ஆழ்சுரங்கங்களில் உழைத்தவருள் பெருந்தொகையினர் நம்மவர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் மின்சாரத்தோடு நமக்கு ஏற்பட்ட உறவு நூற்றாண்டைக் கடந்தது. அவ்வுறவை இன்று இருசக்கர வண்டிவரை கொண்டு வந்திருக்கிறோம்.

இனி நம் கதைக்கு வருவோம். நம் தந்தையார் வைத்துச் சென்ற 100 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று வீட்டில் இருந்தது. எஞ்சின் தேய்ந்துவிட்டது, வண்டியை விற்க மனம் வரவில்லை. நம் தமக்கையின் மகன் பட்டறைத் தொழில் கற்றவன். “மாமா, இதை மின்வண்டியாக மாற்றிவிடலாம்” என்றான். வைப்பு நிதியிற் கடன் பெற்று, அரசின் ஒப்புதல் பெற்ற மாற்றுக் கருவித் தொகுதி ஒன்றை வாங்கினோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, இத்தகைய மாற்றத்திற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் இசைவு வேண்டும். கருவித் தொகுதி ஏ.ஐ.எஸ்.-123 என்னும் தரவிதிப்படி சோதிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். அவையெல்லாம் முறைப்படி முடித்தோம். பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்துடன் தந்தையாரின் வண்டி மீண்டும் தெருவில் ஓடியபோது நம் கண்கள் கலங்கியதை மறைப்பானேன்?

எஞ்சின் இருந்த இடத்தில் 2 கிலோவாட் மோட்டார். அதிலிருந்து சங்கிலி வழியே பின்சக்கரம். 72 வோல்ட் பாட்டரி. இவ்விரண்டிற்கும் நடுவே கண்ட்ரோலர் என்னும் சிறு அலுமினியப் பெட்டி. பாட்டரியின் ஆற்றலை அளந்து மோட்டாருக்குக் கொடுப்பது அதுவே. அதனுள் சில எண்கள் எழுதப்பட்டிருக்கும். பாட்டரியிலிருந்து 50 ஆம்பியருக்கு மேல் எடுக்கலாகாது; மோட்டாரின் கம்பிச் சுருளுக்கு 150 ஆம்பியருக்கு மேல் கொடுக்கலாகாது; மோட்டார் 100 பாகை வெப்பத்தை அடைந்தால் ஆற்றலைக் குறைக்கத் தொடங்குக; 130 பாகையில் முற்றும் நிறுத்துக. இவையே கருவி செய்தவர்கள் எழுதியனுப்பிய கட்டளைகள்.

சமதரையில் வண்டி குறையின்றி ஓடியது. ஆயினும் சுமையேற்றிப் புறப்படுகையில் வேகம் போதவில்லை என்று மருமகனுக்கு ஒரு மனக்குறை. கைப்பேசியைக் கண்ட்ரோலரோடு இணைத்து எண்களை மாற்றலாம் என்பதை அவன் அறிந்திருந்தான். 50-ஐ 70 ஆக்கினான். 150-ஐ 220 ஆக்கினான். வண்டி குதிரைபோற் பாய்ந்தது. நாமும் மகிழ்ந்தோம். சில நாட்களில், வெயில் வேளையில் வண்டி தானே தளரத் தொடங்கியது. “மாமா, வெப்பக் காப்பு குறுக்கே வருகிறது” என்று அதையும் நீக்கிவிட்டான். நாம் தடுத்தோமா எனின், இல்லை. அந்தப் பிழை இருவருடையது.

பிறகு ஒருநாள் உதகையில் உள்ள உறவினர் இல்லம் செல்ல இருவரும் அவ்வண்டியிலேயே புறப்பட்டோம். பந்திப்பூர்க் காட்டைக் கடந்து, தெப்பக்காடு வழியே மசினகுடியை அடைந்து, பாட்டரியை நிறைத்துக்கொண்டு, கல்லட்டி மலைப்பாதையில் ஏறத் தொடங்கினோம். முப்பத்தாறு கொண்டையூசி வளைவுகள் கொண்ட பாதை அது. வண்டி மெல்ல முனகியபடி ஏறியது. மருமகன் அளவுமானியைப் பார்த்து, “முப்பது ஆம்பியர்தான் காட்டுகிறது மாமா, எழுபதுவரை இடம் இருக்கிறதே” என்று ஆறுதல் கூறினான். சில வளைவுகள் கடந்தன. வார்னிஷ் எரியும் நாற்றம் எழுந்தது. மறுகணம் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. மோட்டாரின் மேல் கைவைக்க இயலவில்லை.

மாலை மயங்கும் நேரம். யானைகள் நடமாடும் காடு. சாலையோரம் நின்ற அந்த முக்கால் மணி நேரத்தை நாம் எளிதில் மறவோம். மசினகுடிக்குக் காய்கறி இறக்கச் சென்ற சிறு சரக்கு வண்டிக்காரர் ஒருவர் இரங்கி, வண்டியையும் எம்மையும் ஏற்றிக்கொண்டார். பந்திப்பூர்ச் சாலை 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணிக்கு அடைக்கப்படுகிறது. காலை 6 மணிக்கே திறக்கும். மசினகுடியில் வேறு வண்டி பிடித்து, அடைப்பதற்குச் சற்று முன்னதாகக் கடந்து ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் மோட்டாரைப் பிரித்தபோது கம்பிச் சுருள் கரிந்து கிடந்தது. அதைச் சீராக்கியதில் நம் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி கரைந்தது. அதனினும் பெரிய இழப்பு மருமகனுடையது. மாற்றுப் பட்டறை வைக்க எண்ணியிருந்தவனிடம், வண்டி தருவதாகச் சொல்லியிருந்த இருவர் பின்வாங்கிவிட்டனர்.

நிற்க. மோட்டார் ஏன் எரிந்தது?

கம்பியில் மின்சாரம் ஓடினால் வெப்பம் பிறக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். இதனை ஆங்கில அறிஞர் ஜூல் 1841-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். 150-ஐ 220 ஆக்கியபோது, “ஏறத்தாழ ஒன்றரை மடங்குதானே” என்று நாம் கருதினோம். வெப்பமோ இரு மடங்குக்கு மேலாயிற்று.

வெப்பம் தன்னைத்தானே வளர்ப்பதும் உண்டு. செம்புக் கம்பி 25 பாகையிலிருந்து 125 பாகைக்குச் சூடேறினால், அதன் மின்தடை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மிகும். தடை மிகுந்தால் வெப்பமும் மிகும். கம்பியின் மேலுள்ள காப்புப் பூச்சோ, வெப்பம் 10 பாகை மிகுந்தோறும் தன் ஆயுளிற் பாதியை இழக்கும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. மோட்டாரினுள் இருக்கும் நியோடிமியக் காந்தங்களில் சாதாரண வகை, 80 பாகைக்கு மேல் வலிமையை இழக்கத் தொடங்கும். மிகுதியாகச் சூடேறி இழந்த காந்த வலிமை, ஆறிய பின்னும் முழுவதும் திரும்புவதில்லை.

அடுத்தது மலையின் கணக்கு. வண்டியும் நாங்கள் இருவருமாக எடை 270 கிலோ. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட அரை கிலோவாட் ஆற்றல் போதும். நூறு மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதே வேகத்திற்கு இரண்டே கால் கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். மோட்டார் கொடுக்க வேண்டிய இழுவை நான்கரை மடங்கு. எனவே மின்னோட்டமும் நான்கரை மடங்கு. சுருளின் வெப்பமோ ஏறத்தாழ இருபது மடங்கு! இரயில்வேயில் இருக்கும் நாம் இதனை முன்னரே உணர்ந்திருக்க வேண்டும். மேட்டுப்பாளையம்–உதகை மலை இரயில்பாதையின் மிகக் கடுமையான ஏற்றம் 12.28 அடிக்கு 1 அடி. நாம் கூறிய 8 மீட்டர் ஏற்றமும் ஏறக்குறைய அதுவே. அந்த ஏற்றத்திற்காகப் பல் பதித்த தண்டவாளமும் பற்சக்கர எஞ்சினும் அமைத்தனர் முன்னோர். நாமோ ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் இருவர் அமர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினோம்.

மூன்றாவது, அளவுமானி எம்மை ஏமாற்றிய கதை. அது காட்டியது பாட்டரியின் மின்னோட்டம். மோட்டாரின் மின்னோட்டம் அன்று. வண்டி மெதுவாகச் செல்லுகையில் மோட்டாருக்குக் குறைந்த வோல்ட்டே தேவை. கண்ட்ரோலர் வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைப் பெருக்கிக் கொடுக்கும். பாட்டரியிலிருந்து 72 வோல்ட்டில் 30 ஆம்பியர் புறப்பட்டால், மோட்டாரில் 24 வோல்ட்டில் ஏறத்தாழ 90 ஆம்பியர் பாயலாம். வரவுப் பேரேட்டை மட்டும் பார்த்துச் செலவு குறைவென்று மகிழ்ந்த கணக்கனைப் போல நாம் மகிழ்ந்தோம். செலவுப் பேரேடோ உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

நான்காவது, பெட்ரோல் வண்டிப் பழக்கம். ஏற்றத்தில் மெதுவாகப் போனால் எஞ்சினுக்கு நல்லது என்பது நம் எண்ணம். பெட்ரோல் வண்டியில் கியரைக் குறைக்கிறோம். ஆதலின் அஃது ஒருவாறு பொருந்தும். எம் மின்வண்டியில் கியர் இல்லை. 30-இல் ஏறினாலும் 15-இல் ஏறினாலும் இழுவை ஏறத்தாழ ஒன்றே. ஆகவே சுருளின் மின்னோட்டமும் ஒன்றே. மெதுவாகப் போனால் ஏறும் நேரம் இரட்டிக்கும். குளிர்விக்கும் காற்றோ குறையும். ஊர்ந்து செல்வதே மோட்டாருக்குப் பெருந்தீங்கு என்பதை எரிந்த பின் அறிந்தோம்.

அறிந்த பின் செய்தது யாது? மருமகன் மனம் தளரவில்லை. கருவி செய்தவர்களுக்கு உள்ளதை உள்ளவாறு எழுதினோம். அவர்கள் இசைவு பெற்று மூன்று மாற்றங்கள் செய்தோம்.

முதலாவது, பின்சக்கரத்தில் ஸ்பிராக்கெட் எனப் பட்டறைகளில் வழங்கும் பற்சக்கரத்தை மாற்றினோம். 42 பற்கள் இருந்த இடத்தில் 50 பற்கள். அதே இழுவைக்கு இப்போது மோட்டாரின் மின்னோட்டம் ஆறில் ஒரு பங்கு குறைவு. வெப்பம் நூற்றுக்கு முப்பது குறைவு. இழந்தது உச்ச வேகம் மட்டுமே. மணிக்கு 70 ஓடிய வண்டி இப்போது 60-ஐ எட்டுவதில்லை. நமக்கு அது போதும்.

இரண்டாவது, மோட்டார் மின்னோட்ட எல்லையை 220-இலிருந்து 120-க்கும், பாட்டரி எல்லையை 40-க்கும் இறக்கினோம். செய்தவர்கள் எழுதிய 150-க்கும் இது குறைவு. ஆயினும் பற்சக்கர மாற்றத்தால், சக்கரத்தில் கிடைக்கும் மிகுந்த இழுவை முன்னிருந்ததிலிருந்து நூற்றுக்கு ஐந்தே குறைந்தது. எல்லையைத் தொட்டு ஓடும்போது பிறக்கும் வெப்பமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இழுவை வேண்டுமாயின் பற்சக்கரத்திடம் கேட்க வேண்டும், மின்னோட்டத்திடம் கேட்கலாகாது.

மூன்றாவது, வெப்பக் காப்பை மீட்டோம். வெப்பமறியும் உணரி, மோட்டாரின் மேலோட்டில் அன்றி, சுருளை ஒட்டியே பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். மேலோடு சூடேறுமுன் உள்ளே சுருள் வெந்துவிடும். கண்ட்ரோலரையும் இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்து, காற்றுப்படும் இடத்தில், அலுமினியத் தகட்டோடு இறுகப் பொருத்தினோம்.

சில திங்கள் கழித்து மீண்டும் கல்லட்டி ஏறினோம். ஏறினோம் என்றது மரியாதைக்கு. மருமகன் மட்டும் வண்டியில் ஏறினான். நாம் மசினகுடியிலிருந்து பேருந்தில் சென்றோம். நம் உடலின் எடை 70 கிலோ. அஃதொன்று இறங்கியதால் 270 என்பது 200 ஆயிற்று. எடைக் குறைவும் பற்சக்கரமும் சேர்ந்து, அதே ஏற்றத்தில் சுருளின் வெப்பத்தை முன்னிருந்ததில் ஐந்தில் இரண்டு பங்காக்கிவிட்டன. வழியில் இருமுறை, பதினைந்து பதினைந்து நிமிடம் நிறுத்தி மோட்டாரை ஆறவிட்டான். ஒருமுறை வெப்பம் 100 பாகையைத் தாண்ட, வண்டி தானே தளர்ந்தது. இம்முறை அவன் அதைக் குறைகூறவில்லை; ஓரங்கட்டி நின்றான். உதகையில் பேருந்தை விட்டு நாம் இறங்கியபோது, அவன் நமக்கு முன்னரே வந்து தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தான்.

இளைஞர்களே, வண்டி மாற்ற விரும்பும் உங்களுக்கு நாம் கூறுவது இது. ஒப்புதல் பெற்ற கருவித் தொகுதியையே வாங்குங்கள். பதிவுச் சான்றிலும் காப்புறுதியிலும் மாற்றத்தைப் பதியுங்கள். வண்டி எங்கே, எவ்வளவு சுமையோடு, எந்த ஏற்றத்தில் ஓடும் என்பதை முதலில் எழுதிவைத்து, அதற்கேற்பப் பற்சக்கரத்தைத் தேர்ந்தெடுங்கள். எண்களைக் கீழிருந்து மேலே, சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஏற்றத்தில் ஓட்டி வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்தவர்கள் வகுத்த எல்லையைத் தாண்டாதீர்கள். வெப்பக் காப்பை ஒருபோதும் நீக்காதீர்கள். இறக்கத்தில் மோட்டாரே தடையாக நின்று பாட்டரியை நிரப்பும் அமைப்பு இருப்பின், அதுவும் சுருளைச் சூடாக்கும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நிறைந்த பாட்டரியோடு மலையுச்சியிலிருந்து இறங்கினால் அந்த ஆற்றலை ஏற்க இடமிராது. கைத்தடையும் கால்தடையும் செம்மையாக இருத்தல் வேண்டும்.

பாட்டரியின் வெப்பம் வேறு. அது மோட்டாரின் வெப்பத்தினும் கொடியது. 2022 மார்ச்சுத் திங்களில் வேலூரில், வீட்டில் இரவில் மின்னேற்றம் செய்யப்பட்டுக்கொண்டிருந்த மின்வண்டி தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிர் நீத்த துயரை நாடறியும். ஓடிக் களைத்த வண்டியை ஆறவிட்டு, உறங்கும் இடத்திற்கு வெளியே, கண்காணிப்பில் வைத்தே மின்னேற்றுங்கள்.

இறுதியாக ஒன்று. நம் மைசூர்க் கோட்டத்தில் சக்லேசுபுரம்–சுப்பிரமணியா மலைப்பிரிவு இருக்கிறது. 50 அடிக்கு 1 அடி ஏற்றம். அங்கே இன்ன எஞ்சின் இவ்வளவு சுமைதான் இழுக்கலாம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மிகுந்தால் பின்னிருந்து தள்ள மற்றோர் எஞ்சினைப் பூட்டுகிறார்கள். மின்சார எஞ்சினின் மோட்டாருக்கும், இடைவிடாது இவ்வளவு, ஒரு மணி நேரத்திற்கு மட்டும் இவ்வளவு என்று தனித்தனி வலிமை குறித்திருப்பார்கள். அவ்வெண்களை எஞ்சினுக்கு இழுக்கென்று எந்த ஓட்டுநரும் கருதுவதில்லை. நாமோ அலுவலகத்தில் இவற்றைப் பகலெல்லாம் படியெடுத்து எழுதிவிட்டு, மாலையில் வீட்டிற்கு வந்து, நம் வண்டியின் எண்களை அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். மயிலிறகேயாயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று அதிற் கூறினார். எம் வண்டியில் ஏறியது மயிலிறகன்று. எழுபது கிலோ எழுத்தர். முறிந்தது அச்சன்று, எரிந்தது சுருள். பாடம் ஒன்றே.

பின்வாங்கிய இருவரில் ஒருவர் சென்ற மாதம் திரும்பி வந்தார். விடியலில் வயலிலிருந்து சாமந்தி மூட்டை ஏற்றிச் சந்தைக்குச் செல்ல அவருக்கு ஒரு வண்டி வேண்டும். மருமகன் அவரிடம் முதலிற் கேட்ட கேள்வி, “எவ்வளவு வேகம் வேண்டும்?” என்பதன்று, “எத்தனை மூட்டை, எந்த மேடு?” என்பது. அக்கேள்வியைக் கேட்டபோது, அவன் தொழில் கற்றுவிட்டான் என்று நாம் உள்ளம் நிறைந்தோம்.